தூசி இல்லை, பஞ்சு

ஜுரம் இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாம்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாயைக் கழுவு என்பார்கள். ஆனால் மாடிப்படியின் ஒன்பதாவது படியில், குடத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மனசுக்குள் ஓடியது அதுதான். ஜுரம் இருந்த நான்கு நாளும் நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஆள் இருந்தது. கஞ்சி வந்தது. வெந்நீர் கேட்காமல் வந்தது. ஐந்தாம் நாள் காலையில் நெற்றி குளிர்ந்தது. அன்றைக்கே, உடம்பு தேறிவிட்டவள் என்று வீடு முடிவுகட்டிவிட்டது. இருமலும் அசதியும் மட்டும் அந்த முடிவுக்குக் கட்டுப்படவில்லை.

இன்றோடு பத்தொன்பது நாள். சளி போய்விட்டது. மூக்கு சரியாகிவிட்டது. இருமல் மட்டும் தொண்டைக்குக் கீழே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. வறட்டு இருமல். ஒன்று வந்தால் பின்னாலேயே எட்டோ பத்தோ வந்து, விலா எலும்பைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் போகும். அசதியோ சத்தமே போடாது. தலை வாரக் கையைத் தூக்கினால் கை தன்னுடையது போலவே இருக்காது. பாதிப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் சோப்புக் கையோடு உட்கார்ந்துவிட வேண்டும். நனைந்த பஞ்சை அடைத்துத் தைத்த பொம்மை மாதிரி இருந்தது உடம்பு.

பஞ்சு என்றுதான் அவளுக்குத் தோன்றும். பதினைந்து வருஷமாகப் பஞ்சுக்குள்தான் குடித்தனம்.

கீழே மெத்தைக்கடை. முன்பக்கம் விற்பனை, நடுவில் தைக்கும் இடம், பின்னால் தகரக் கதவு போட்ட அறையில் பஞ்சு அரைக்கும் மெஷின். மேலே வீடு. அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஓர் அறை. காலை எட்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் கட்டடமே மெல்ல அதிரும். வெயில் விழும் இடத்தில் பார்த்தால் பஞ்சுத் துகள் மிதப்பது தெரியும். நாள்காட்டியின் மேல், தண்ணீர்க் குழாயின் மேல், பால் பாத்திரத்தின் மூடியின் மேல் எல்லாம் மெல்லிய வெள்ளைப் படலம். மெஷின் ஓட்டும் அவள் புருஷன் சாயங்காலம் படியேறி வரும்போது புருவமும் கண்ணிமையும் நரைத்திருக்கும். முகம் கழுவினால் வயது இருபது குறையும். கல்யாணமான புதிதில் அவள் அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கிறது.

கடையின் அதிகாரம் நாத்தனாரிடம். புருஷனுடைய அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள். வாசலில் ஆள் வந்து நின்றதுமே, ஒரு பார்வையில் அவருக்கு எத்தனை அடியில் மெத்தை வேண்டும் என்று சொல்லிவிடுவாள். அதனால் தெருவில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். அண்ணி என்று இவள் கூப்பிடும் அந்த நாத்தனாரும் இவளும் தைப்பதில் ஜோடி. மெத்தையை நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நீள ஊசியை இவள் குத்தி அனுப்ப, அவள் வாங்கி நூலை இழுத்து, அரை விரல் தள்ளித் திருப்பி அனுப்ப, இவள் முடிச்சுப் போட வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மூச்சு ஒன்றாக ஓடினால்தான் முடிச்சு வரிசையாக விழும். பதினைந்து வருஷத்தில் இரண்டு பேரும் மனசு விட்டுப் பேசியது குறைவு. ஆனால் ஆயிரக்கணக்கான தடவை அந்த ஊசி இவள் கைக்கும் அவள் கைக்கும் போய் வந்திருக்கிறது.

ஜுரம் விட்ட மறுநாளே அவள் மெத்தைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். நான்காவது முடிச்சில் இருமல் வந்தது. ஊசி கோணலாகப் பாய்ந்தது.

"ஸ்ஸ்! ஏண்டி, என் விரலையும் சேர்த்து மெத்தையில தைக்கப் பார்க்கிறியா?"

"தெரியாம பட்டுடுச்சு அண்ணி."

"ஜுரந்தான் விட்டுடுச்சுல்ல? அப்புறம் என்ன?"

"இருமல் இருக்கே."

"இருமல் எல்லாருக்குந்தான் இருக்கு. தண்ணியக் குடிச்சிட்டு வா."

தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அன்று தைத்த மெத்தையில் முடிச்சுகள் எறும்பு வரிசையைக் கலைத்துவிட்டது போல இருந்தன. அண்ணி பிளேடை எடுத்து, அவள் கண் முன்னாலேயே ஒவ்வொரு முடிச்சாக அறுத்துப் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்பு இல்லாத வீடு என்று சொல்லிவிட முடியாது. அந்த வீட்டில் யாருக்கு எது வந்தாலும் மருந்து ஒன்றுதான். முதுகுவலியா, புது மெத்தை. தூக்கம் வரவில்லையா, புதுத் தலையணை. மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் தோற்று அழுதுகொண்டு வந்த அன்றுகூட அண்ணி அவளுக்குக் குட்டியாக ஒரு தலையணை தைத்துக் கொடுத்தாள். எனவே, இருமலில் இவள் தூங்காமல் கிடப்பது தெரிந்ததும் அண்ணி நல்ல மூட்டையாகப் பார்த்துப் பிரித்து, அன்றைக்கு அரைத்த பஞ்சில் ஒரு தலையணை செய்து அனுப்பினாள். இருமல் அதிகமானது. தலை உயரமாக இருந்தால் இருமல் அடங்கும் என்று யாரோ சொல்ல, இரண்டாவது தலையணை வந்தது. பிறகு மூன்றாவது. மூன்று புதுத் தலையணையின் மேல் மகாராணி மாதிரி சாய்ந்துகொண்டு விடிய விடிய இருமினாள். பக்கத்தில் புருஷன் புரண்டு புரண்டு படுத்தான். காலையில் இரண்டு பேர் கண்ணும் சிவந்திருக்கும்.

"அம்மா, நேத்து நீ இருமினதுல என் கனவு அறுந்துபோச்சு," என்றாள் மகள். பத்து வயது. "ஒரு நாய்க்குட்டி வந்துச்சு. நீ இருமினதும் ஓடிடுச்சு."

அவள் சிரிக்கப் போய், அந்தச் சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவும் முடியவில்லையே என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக பயம் வந்தது. இனி இப்படியேதானா? இந்தப் படியை இனி ஒரே மூச்சில் ஏறவே முடியாதா? இருமிக்கொண்டே தைத்து, தைத்துக்கொண்டே இருமி, ஒருநாள் எல்லோரும் அதையே அவளுடைய சுபாவம் என்று எடுத்துக்கொண்டுவிடுவார்களா? இப்போதே பாதி அப்படித்தான். கடைக்கு வருகிறவர்கள் அவள் இருமலைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா நெஞ்சிலும் முதுகிலும் குழலை வைத்துக் கேட்டாள். எக்ஸ்ரே படமும் எடுத்துப் பார்த்தாள்.

"நெஞ்சு சுத்தமா இருக்கும்மா. பயப்படாதீங்க. சளி பிடிச்சுப் போச்சுல்ல, அது உள்ள மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி வெச்சிட்டுப் போயிருக்கு. கொஞ்சம் உரசினாலும் இருமல் வரும். ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும் ஆற. அசதியும் அப்படித்தான். ஓய்வு எடுக்கணும்."

"ஓய்வுன்னா டாக்டர்?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வேலை செய்யாம இருக்கறதும்மா." பிறகு எழுதிக்கொண்டே கேட்டாள். "தூசி இருக்கற இடத்துல வேலையா?"

"தூசியெல்லாம் இல்ல டாக்டர். பஞ்சுதான்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அதே நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு, கை கிழிந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். டாக்டரம்மா சீட்டை அவள் கையில் திணித்துவிட்டு எழுந்து ஓடினாள்.

அவள் பொய் சொல்லவில்லை. தூசி என்றால் தெருவில் பறப்பது, துடைப்பத்தில் வருவது. பஞ்சு சரக்கு. பஞ்சுதான் சோறு. அதைத் தூசி என்று அந்தக் கட்டடத்தில் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. தபால் ஆபீஸுக்குள் ஒதுங்கினாள். உயரமான கூரை, கழுவிவிட்ட கல் தரை, சுவரோரம் நீளமாக ஒரு மர பெஞ்சு. அதற்கு மெத்தையும் இல்லை, சாய்வும் இல்லை. ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தவள் சுவரில் தலையைச் சாய்த்தாள். அவ்வளவுதான் நினைவு.

"அம்மா... ஏம்மா... ஆபீஸைப் பூட்டணும்."

முத்திரை குத்தும் அம்மா தோளைத் தொட்டு எழுப்பினாள். மழை விட்டிருந்தது.

"எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும். எழுப்ப மனசு வரல. இப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்ல. உங்க பக்கத்துல உட்கார்ந்து மூணு பேர் பார்சல் கட்டினாங்க."

"நான் இருமினேனா?"

"இருமலா? குறட்டைதான் விட்டீங்க."

அவள் அப்படியே நின்றாள். இரண்டு மணி நேரம். மெத்தைக்கடைக்காரன் பெண்டாட்டி, வெறும் பலகையில், உட்கார்ந்தபடி, மூன்று வாரத்தில் தூங்காத தூக்கத்தைத் தூங்கியிருக்கிறாள். வீட்டுக்கு நடந்தாள். தெரு முழுக்க நடந்தும் இருமல் வரவில்லை. கடை வாசலைத் தாண்டி, மூன்றாவது படியில் கால் வைத்ததும் தொண்டையில் அந்தப் பழைய நமைச்சல் தொட்டது. நின்றாள். படியின் ஓரத்தில் விரலால் வழித்துப் பார்த்தாள். விரல் நுனியில் வெள்ளையாக, பூனை மயிர் மாதிரி.

நிச்சயமாகத் தெரியாமல் பேசக் கூடாது என்று மறுநாளும் தபால் ஆபீஸுக்குப் போனாள். அதற்கடுத்த நாளும். சும்மா உட்கார்ந்தால் தப்பாக நினைப்பார்களே என்று ஒவ்வொரு நாளும் ஒரு தபால்தலை வாங்கினாள்.

"யாருக்கும்மா இவ்வளவு கடுதாசி எழுதறீங்க?" என்று கேட்டாள் முத்திரை குத்தும் அம்மா.

"எழுதறதுக்குத் தெம்பு வரட்டும்னு பாக்கறேன்," என்றாள் அவள். மூன்று நாளும் அந்த பெஞ்சில் இருமல் தலைகாட்டவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள். "எனக்கு இந்த இருமல் ஆறாததுக்குக் காரணம் பஞ்சு."

புருஷன் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தான். "பஞ்சா? பஞ்சு என்ன பண்ணும்?"

"எப்பவும் பண்ணாது. இப்ப உள்ள புண்ணா இருக்கு. அதுல போய் உரசுது."

"நான் பொறந்ததே பஞ்சு மூட்டை மேல," என்றாள் அண்ணி. "அம்பத்திரண்டு வருஷம். ஒரு தும்மல் உண்டா?"

"அதான் அத்தை இப்படி மெதுமெதுன்னு இருக்காங்க," என்றாள் மகள்.

"நீ சும்மா இருடி வாயாடி. இந்தா பாரு, ஊர்ல நாலு பேர் காதுல விழுந்தா என்ன ஆகும்? மெத்தைக்கடைக்காரிக்கே பஞ்சு ஆகாதாம்னு. விடுதிக்காரங்க நாற்பது மெத்தை கேட்டிருக்காங்க. ரெண்டு வாரத்துல கொடுக்கணும். இப்பப் போய் இவ பஞ்சுமேல பழி போடறா."

"பழி இல்ல அண்ணி. நான் கொஞ்ச நாளைக்குக் கீழே வரல. மொட்டை மாடி அறையில இருக்கேன்."

"அங்க என்ன இருக்கு? உடைஞ்ச நாற்காலி இருக்கு."

"அதை எடுத்துடறேன்."

எடுத்தாள். ஒரே நாளில் முடிகிற வேலை, அவளுக்கு இரண்டரை நாள் ஆனது. ஒரு நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அரை மணி உட்கார்ந்தாள். ஒரு பக்கச் சுவரைத் துடைத்துவிட்டுப் படுத்தாள். தரையை மூன்று தடவை கழுவினாள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் வெயிலில் காலை நீட்டிக்கொண்டு, தேன் விட்ட வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தாள். முன்பெல்லாம் அசதியோடு சண்டை போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தாள். இப்போது அது உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், எழுந்திருக்க விட்டபோது எழுந்தாள். அப்படியும் வேலை நடக்கத்தான் செய்தது. கடைசியில் ஒரு பலகையைக் கழுவிக் காயவைத்துப் போட்டாள். துவைத்த போர்வை ஒன்றை நாலாக மடித்துத் தலைக்கு வைத்தாள்.

அந்த அறைக்குக் குடிவந்த முதல் நாள் சாயங்காலம் புருஷன் படியேறி வந்தான். புருவம் வெள்ளையாக இருந்தது. அவள் வாசலில் நின்றாள்.

"தலையைக் கழுவிட்டு வாங்க. சட்டையையும் கீழேயே கழட்டிடுங்க."

"என் பொண்டாட்டியப் பாக்க எனக்கே சோதனையா?"

"ஆமா."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு, சட்டை இல்லாமல் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தான். பலகையைத் தட்டிப் பார்த்தான்.

"இதுல எப்படிப் படுப்ப? முதுகு போயிடும். எங்கப்பா இருந்திருந்தா மனசு உடைஞ்சிருப்பாரு."

"அவர் உடைஞ்சா இன்னொரு தலையணை தைச்சுக் கொடுத்திருப்பாரு."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். இரண்டே இருமல். அன்று ராத்திரி நான்கு. ஆனால் விடியும்போது, தான் தூங்கி எழுந்திருக்கிறோம் என்பது அவளுக்கே கொஞ்ச நேரம் புரியவில்லை. வெயில் காலில் விழுந்திருந்தது.

கீழே நிலைமை அவ்வளவு சுகமில்லை. கடைக்கு வந்த ஓர் அம்மாளிடம் மகள் போகிற போக்கில், எங்கம்மா பலகையிலதான் படுக்கறாங்க, நல்லாத் தூங்கறாங்க என்று சொல்லிவைத்தாள். அந்த அம்மாள் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மெத்தையை விட்டுவிட்டு, "அப்படியா? நானும் பலகையையே பாக்கறேன். முதுகுக்கு நல்லதாமே," என்று போய்விட்டாள். அண்ணியின் குரல் இரண்டு மாடி தாண்டி வந்தது.

"கேட்டியா? வியாபாரத்துக்குச் சூனியம் வைக்க வெளியாள் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே வெச்சிருக்கோம்!"

முன்பானால் அவள் ஓடிப் போயிருப்பாள். மன்னிப்புக் கேட்டு, இருமலை முந்தானையில் அமுக்கிக்கொண்டு, மெத்தைக்கு இந்தப் பக்கம் நின்றிருப்பாள். அன்று கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். பதினைந்து வருஷமாக, அண்ணி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியும் என்பதே அவளுக்குத் தெரியாது. கை கால் இருந்த இடத்தில் இருந்தன, வானம் இடிந்து விழவில்லை. இதுதானா, இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆறாம் நாள் இருமல் பகலில் நின்றது. எட்டாம் நாள் தலையை ஒரே வாரலில் வாரிப் பின்னி முடித்து, கையைப் பார்த்தாள்; அது அவள் கைதான். ஒன்பதாம் நாள் உடம்பு கொஞ்சம் ஆட்டம் காட்டியது. அதிகம் துவைத்துவிட்டாள் போல, மறுநாள் முழுக்கப் படுத்தே கிடந்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டதோ என்று கலங்கினாள். ஆகவில்லை. பதினோராம் நாள் காலையில் கீழே குழாயடியில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தாள். ஒன்று, இரண்டு என்று படியேறினாள். ஒன்பதாவது படி வந்தது, போனது. வீட்டு வாசலில் நிற்காமல் மொட்டை மாடி வரைக்கும் ஏறி, குடத்தைத் தளும்பாமல் இறக்கி வைத்து, நிமிர்ந்து நின்றாள். மூச்சு வாங்கியது. அதற்குப் பின்னால் இருமல் வரவில்லை. காத்திருந்து பார்த்தாள். வரவே இல்லை.

"ஏய்! இங்க வா! ஓடி வா!" என்று மகளைக் கூப்பிட்டாள்.

மகள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "என்னம்மா?"

"குடத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

மகள் குடத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "இதுக்கா கூப்பிட்ட? நான் பல்லுகூட இன்னும் தேய்க்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, எங்கேயும் தடுக்காமல், உடையாமல் முழுசாக வந்தது. நிறுத்த முடியவில்லை. எதற்கென்று தெரியாமல் மகளும் சேர்ந்துகொண்டாள். பக்கத்துக் கட்டட மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

அன்று பத்து மணிக்கு அண்ணி மேலே வந்தாள். இந்தப் பதினோரு நாளில் அதுவே முதல் தடவை. தலை ஈரமாக இருந்தது. புடவை மாற்றியிருந்தாள். நகக்கண்ணில்கூட ஒரு துகள் இல்லை. அறை வாசலில் நின்று, உள்ளே கால் வைக்கலாமா என்று கேட்கிற மாதிரி பார்த்தாள்.

"வாங்க அண்ணி. உட்காருங்க."

அண்ணி பலகையின் நுனியில் உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "சிரிப்புச் சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு."

"ஆமா அண்ணி."

"இருமல் கேக்கல."

"இல்ல அண்ணி."

"நெஜமாவே பஞ்சுதான் போல," என்றாள் அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு. அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அந்தத் தோள் சொன்னது. பிறகு சொன்னாள். "இருபத்தெட்டு மெத்தை முடிஞ்சிருக்கு. பன்னிரண்டு பாக்கி. நாளைக்கு வண்டி வருது. ரெண்டை விடுதிக்காரர் வந்து பார்த்துட்டு, வரிசை கோணலா இருக்குன்னு தள்ளி வெச்சிட்டுப் போயிட்டாரு. எனக்கு அப்படி யாரும் தள்ளி வெச்சதே இல்ல. உன் கை இருந்தாத்தான் அது நேரா வருது. இத்தனை வருஷம் என் கைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

இந்தச் சொல்லுக்காகத்தான் அவள் பதினைந்து வருஷம் மெத்தைக்கு இந்தப் பக்கம் நின்று ஊசி குத்தியிருக்கிறாள். இதுவரை அதைக் கேட்டிராத காதுக்கு இனித்தது. உடனே எழுந்து போய்விடலாம் போலவும் இருந்தது. கால்கூட லேசாக அசைந்தது.

"மெஷினை நிறுத்திடச் சொல்றேன்," என்றாள் அண்ணி. "மூக்குக்குத் துணி கட்டிக்கோ. இன்னிக்கு ஒரு நாள்தான். அதான் உடம்பு நல்லாயிடுச்சே. வரியா?"

அவள் துவைத்த துணி இருந்த வாளியிலிருந்து ஒரு போர்வையை எடுத்தாள். இப்போதுதான் நல்லாக ஆரம்பித்திருக்கிறது, உள்ளே இன்னும் ஆறவில்லை, டாக்டரம்மா எட்டு வாரம் என்றாள், குடம் தூக்கியதற்கே கால் நடுங்குகிறது. சொல்ல இத்தனை இருந்தது. எதையும் எடுத்து அடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"வரல அண்ணி."

அண்ணி இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்ப இன்னிக்கும் உன் புருஷனைத்தான் அந்தப் பக்கம் நிறுத்தணும். கோணலாத்தான் வரும்."

"வரட்டும் அண்ணி," என்றாள். பிறகு போர்வையின் ஒரு முனையை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிழிய ஆரம்பித்தாள்.